கண்ணுக்குள் அடைத்த காற்று

முதலில் நான் லென்ஸைத்தான் திட்டினேன்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணுவதற்கு எங்கள் லேபில் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு உண்டு. அதன் நடுவே தலைமுடியைவிட மெல்லிய கோடுகளால் கட்டம் போட்டிருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒரு கட்டத்துக்கு எத்தனை அணு என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கட்டத்தை வரைந்து காட்டுவேன். அன்று காலை அதன் நடுக்கோடுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன.

தகட்டைக் கழுவினேன். லென்ஸைத் துடைத்தேன். வேறு லென்ஸ் போட்டேன். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த லதாவைக் கூப்பிட்டேன். லதா என்னோடு ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவள்.

"இந்தக் கோடு இன்னாடி இப்பிடி கோணிக்கினு கீது?"

அவள் குனிந்து பார்த்தாள். "நேராத்தான்க்கா கீது."

"நல்லா பாரு."

"நல்லாதான்க்கா பாக்குறேன். ஸ்கேல் வெச்ச மாதிரி கீது."

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வேலையில் கவனம் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனேன். அங்கே சுவரில் பதித்த வெள்ளை டைல்ஸின் கோடுகளும் வளைந்திருந்தன. சுவரை யாரும் கழற்றி வேறு லென்ஸ் மாட்ட முடியாது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். நான் பார்க்கிற இடத்தில், சரியாக நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. குழாயைப் பார்த்தால் குழாய் இல்லை. சுற்றிலும் சுவர் தெரிகிறது, நடுவில் குழாய் இல்லை.

மைக்ராஸ்கோப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கண்ணுக்குப் பழகிவிடுவோம். எங்கள் பழைய மைக்ராஸ்கோப்புக்கு ஒற்றைக் குழல்தான். எனக்கு வலது கண். இடது கண் எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது. ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதித்துக்கொண்டு இருந்தவளுக்கு, தன் ஒரு கண் போனது தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று பூராவும் அந்த வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. பயம் சாயந்திரம்தான் வந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே நோய் வந்தவர்களை அவர்கள் வீட்டார் என்னிடம் கூட்டி வருகிறார்கள். ஆபரேஷன் எப்படி இருந்தது, வலித்ததா, கவிழ்ந்தே எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு, முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவந்தேன். அது என் முட்டாள்தனம் சம்பந்தப்பட்டது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. மைனஸ் பதினொன்று. கழனி வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கு, முதல் கண்ணாடி கிடைத்த பத்து வயது வரை, நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்படி அதிகமாகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் உருண்டை நீண்டு, உள்ளே இருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிந்துபோகுமாம். கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம்.

முதல் நாள் காத்திருந்த அறை இன்னும் கண்முன் நிற்கிறது. வரிசையாக நாற்காலிகள். எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து. கண் பாப்பா விரிய வேண்டுமென்று எல்லாரும் கண்ணை மூடி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காததால் ஒருவரும் பேசவில்லை. என் பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் என் கைப்பையை வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான நாள் முதல் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்துச் சுவரையோ, ஜன்னலையோ பார்த்துத்தான் பேசுவார். அன்று ஜிப்பின் சத்தத்திலேயே அவர் பயம் எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஒரு தாளைக் கொடுத்தார்கள். கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் லேப் தகட்டின் கட்டம் மாதிரியேதான் இருந்தது. எங்கே வளைகிறது என்று பேனாவால் குறித்துக் காட்டினேன். அதைப் பார்த்த சின்ன டாக்டர் பெண், வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்தவள், ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். ஒன்றும் சொல்லாமல் போகிற டாக்டரைப் போலப் பயமுறுத்துகிறவர்கள் வேறு யாரும் இல்லை. நானும் லேபில் சில ரிப்போர்ட்டுகளை அப்படித்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்து கையில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். சாயம் ரத்தத்தோடு ஓடிக் கண்ணுக்குள் போகும்போது, எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று படத்தில் தெரியும். ஏறிய நிமிஷமே குமட்டியது. அன்று முழுக்கச் சிறுநீர் மஞ்சளாக மின்னியது. வருஷக்கணக்காக ஊரார் சிறுநீரைப் பார்க்கிறவளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புக்கூட வந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

பெரிய டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். "விழித்திரைக்கு அடியில புதுசா ரத்தக்குழாய் மொளைச்சிருக்கு. இருக்க வேண்டிய எடம் இல்ல அது. அரச மரத்து வேரு வீட்டுக்குள்ள பூந்து தரையத் தூக்குமில்ல, அந்த மாதிரி அடியிலேருந்து தூக்குது. அதான் உங்களுக்குக் கோடு வளையுது. அந்தக் குழாய் மெல்லிசு, ஒடையும். ரத்தம் கசிஞ்சி ஒறைஞ்சி தழும்பாயிட்டா, நடுப்பார்வை போச்சி."

"இடது கண்ணுல ஏற்கெனவே போயிடுச்சாங்க?"

"அதுல எப்பவோ வந்து தழும்பாயிடிச்சி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அப்படியானால் எனக்கு இருப்பது இந்த ஒரு கண்தான். இதில் நடுப்பார்வை போனால் நடக்கலாம், சாப்பிடலாம், சுவர் தெரியும், கதவு தெரியும். எழுத்து தெரியாது. அணு தெரியாது. முகம் தெரியாது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக இருந்தது. இந்த மனுஷன் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

கண்ணுக்குள்ளே போடுகிற ஊசி அப்போது இங்கே வரவில்லை. ஒரு மருந்தை ஏற்றி லேசர் அடிக்கிற வைத்தியம் இருந்தது, ஆனால் அது எங்கள் கைக்கு எட்டாத விலை. குழாய் வளர்ந்த இடம் நடுப்புள்ளிக்கு ரொம்பப் பக்கம் என்பதால் சாதா லேசரும் அடிக்க முடியாது. என் வயதுக்கும், குழாய் இருந்த விதத்துக்கும், அறுத்து உள்ளே போய் அந்தக் குழாய்ப் பின்னலை வெளியே எடுப்பது நல்லது என்றார். படிக்கிற அளவுக்குப் பார்வை வருமா என்று கேட்டேன். உறுதி சொல்ல மாட்டேன் என்றார். விட்டால் போவது மட்டும் உறுதி என்றார். வாரக்கணக்கில் தள்ளிப்போட முடியாது என்றும் சொன்னார்.

அன்று கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் கடைக்குப் போனார். ராத்திரி வரும்போது கையில் ஒரு கட்டுத் தாள். அந்தக் கட்டத் தாளைப் பெரிதாக்கி நூறு ஜெராக்ஸ் எடுத்திருந்தார். பிரிஜ் கதவில், பாத்ரூமில், அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் எல்லாம் ஒட்டிவிட்டார். தினமும் பார்த்து வளைவு கூடுகிறதா என்று சொல்ல வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு தாள் போதும். "எதுக்கு இவ்ளோ?" என்று கேட்டேன். "சும்மா தான எடுத்தேன்" என்று பிரிஜ்ஜைப் பார்த்துச் சொன்னார்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். ஊசி வலித்தது. அப்புறம் வலியில்லை. முகத்தை மூடிய துணிக்கு அடியில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளையில் மூன்று ஊசித் துளை போட்டு, உள்ளே இருக்கிற ஜெல்லி மாதிரியான திரவத்தை முதலில் எடுத்துவிடுவார்கள். பிறகு விழித்திரையில் ஒரு துளி ஓட்டை போட்டு, மெல்லிய குறடு ஒன்றை உள்ளே விட்டுக் குழாய்ப் பின்னலைப் பிடித்து இழுப்பார்கள். இதெல்லாம் முன்னாடியே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் இது குறடாக இருக்குமோ என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். நடுவில் பெரிய டாக்டர் குரல் மாறியது. "ப்ரெஷர ஏத்து. இன்னும் ஏத்து." ரத்தம் நிற்கக் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள் என்று புரிந்தது. யாரோ எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை முடிகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்பது தெரியாது.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார். குழாய் வந்துவிட்டது. ஆனால் விழித்திரையின் ஓரத்தில் லேசாகக் கிழிந்தது. அதை ஒட்டவைக்க, வெறும் காற்றுக்குப் பதிலாக, மெதுவாகக் கரைகிற ஒரு வாயுவைக் கண்ணுக்குள் நிரப்பியிருக்கிறார்கள். வாயு மேலே மிதக்கும். நான் தலையைக் கவிழ்த்தால் அது கண்ணின் பின்பக்கம் போய் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். அதனால் பத்து நாள் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அப்புறமும் வாயு இருக்கும், தானாகக் கரைய ஆறேழு வாரம் ஆகும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன டாக்டர் பெண் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னாள். "மல்லாந்து படுக்காதீங்க. கண்ணைக் கசக்காதீங்க. வேற எதுக்காவது மயக்கம் குடுத்தா, கண்ணுல கேஸ் இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க." என் பருத்திச் சேலையையும் ரப்பர் செருப்பையும் ஒரு தடவை பார்த்தாள். சிரித்துக்கொண்டே, "ஊட்டி, கொடைக்கானல்னு மலைப்பக்கம் போயிடாதீங்க" என்றாள். கவிழ்ந்த தலையோடு நானும் சிரித்தேன். மலைக்கு நான் எங்கே போகப் போகிறேன்!

பத்து நாள் கவிழ்ந்திருப்பது என்னவென்று இருந்து பார்த்தால்தான் தெரியும். மேசைமேல் தலையணை, அதன்மேல் ரப்பர் வளையம், அதில் நெற்றி. கஞ்சி, மோர் எல்லாம் ஸ்ட்ராவில். கழுத்து கல்லாகிப்போனது. மைக்ராஸ்கோப்பில் இருபத்திரண்டு வருஷம் குனிந்தவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று லதா வந்து கேலி செய்தாள். மனசுக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டியிருக்குமா, பிய்ந்திருக்குமா?

இரண்டாம் நாள் மேசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. பூனை என்று நினைத்து விரட்டினேன்.

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர். பாய் விரித்து மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முகம் நேராக என் முகத்துக்குக் கீழே. எனக்கு வெறும் கலங்கலான வட்டம்தான் தெரிந்தது. "இங்க படுத்தா பேச வசதியா கீது" என்றார். அன்றிலிருந்து தினமும் கடை மூடி வந்ததும் அங்கேதான். யார் யார் என்ன ஜெராக்ஸ் எடுத்தார்கள், எந்தக் கிழவர் பென்ஷன் தாளைத் தலைகீழாகக் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்தப் பத்து நாளில் பேசினார். எனக்கு முகம் தெரியாது என்பதால்தான் அவருக்குப் பேச வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நாலாம் நாள் அண்ணி வந்தார். அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. பாரிசுக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக இருக்கிறார். எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், என் மாமனாரின் அப்பா அவர்கள் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போன சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணத்தின் மூலம் எனக்கும் உண்டு. பாஸ்போர்ட் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. நான் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அண்ணி வருஷா வருஷம் ஜூலை கடைசியில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார்.

பெட்டியைக்கூட இறக்காமல் வந்து என் முதுகில் கை வைத்தார். அழுதுகொண்டே திட்டினார்.

"ஒரு போன் பண்ணக்கூடாதா? இங்க ஏன் கண்ணுல கத்தி வெக்க வுட்ட? நான் ஒருத்தி அங்க எதுக்குக் கீறேன்? எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான். கண்ணுல புரைன்னு அறுத்தாங்க, சீழ் புடிச்சி போச்சி. எம் புள்ள மொகத்தப் பாக்காமலே போய்ச் சேந்தா. நான் அங்கேருந்து அழுதுக்கினு கெடந்தேன். இந்தத் தடவ வுட மாட்டேன் செல்வி. அங்க ஒப்பித்தால்ல, பெரிய ஆஸ்பத்திரில, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் கீறாரு. என்னோட கெளம்பு."

நான் மறுத்தேன். எட்டாம் நாள் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் ரொம்ப நேரம் விளக்கை அடித்துப் பார்த்தார். "ஒட்டியிருக்கு. பார்வை எவ்ளோன்னு கேஸ் போனாதான் சொல்ல முடியும். பொறுத்துதான் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னது முழு உண்மை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது எதையோ மறைக்கிற பேச்சாகக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம், "டிக்கெட் போடுங்கண்ணி" என்றேன். அண்ணி தன் லீவைப் பாதியிலேயே முடித்துக்கொள்ள, பதினாலாம் நாள் அவரோடு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் கிடைத்தது. எங்களுக்கு விசா வேண்டியதில்லை.

இங்கேதான் என் முட்டாள்தனம். ஆஸ்பத்திரியில் இதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாமென்று அவரையும் தடுத்தேன். எங்கள் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, அதே நாளில் வேறு லேபிலும் கொடுத்து ஒத்துப்பார்க்கிறவர்கள் உண்டு. தெரியவந்தால் எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். அந்தக் கோபம் தெரிந்தவள் என்பதால், டாக்டர் மனசு நோகுமே என்று மறைத்தேன். திரும்பி வந்து அவரிடம்தானே நிற்க வேண்டும் என்ற பயமும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அண்ணி பெட்டி கட்டினார். எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குப் போகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் துணி பாதி, மளிகை பாதி. மிளகாய்த்தூள், புளி, எலுமிச்சை ஊறுகாய், எல்லாவற்றுக்கும் மேல் தாளிப்பு வடகம். வெங்காயமும் பூண்டும் கடுகும் சேர்த்து விளக்கெண்ணெயில் பிசைந்து வெயிலில் காயவைத்த உருண்டைகள். அங்கே இருக்கிறவர்களுக்கு அதுதான் ஊர் வாசனை. கூடம் முழுக்க அந்த நெடி. பத்து நாள் முடிந்துவிட்டாலும் பயத்தில் நான் இன்னும் மேசைமேல் கவிழ்ந்துதான் கிடந்தேன். பிளாஸ்டிக் பைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பையை முடிச்சுப் போடுகிறார், அண்ணி அவிழ்க்கிறார்.

"இன்னாடா தம்பி இப்பிடிக் கட்டுற? காத்த வெளிய தள்ளிட்டுக் கட்டு."

"காத்துதானக்கா, இர்க்கட்டுமே."

"இர்க்கட்டுமா? மேல போனா உப்பிடும்டா. போன வருஷம் ஊறுகாய் பை பலூன் மாதிரி உப்பி, வெடிச்சி, எம் பொடவையெல்லாம் எண்ணெ. ப்ளைட்டுல தர்ற சிப்ஸ் பாக்கெட்டப் பாரு, கும்முனு இருக்கும். மேல காத்து கம்மி, உள்ள இருக்கற காத்து பெரிசாயிடும்."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வெடித்த ஊறுகாயை நினைத்து லேசாகச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம். அப்புறம் அந்தச் சின்ன டாக்டரின் குரல் காதில் விழுந்தது. மலைப்பக்கம் போயிடாதீங்க. ஏன் மலை? மலையில் குளிர் என்று நினைத்திருந்தேன். மலையில் மேலே காற்று கம்மி. என் கண்ணுக்குள் என்ன இருக்கிறது?

"அண்ணி, கட்டாதீங்க" என்று கத்தினேன். ஏன் கத்துகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. வடகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று அண்ணி பையைக் கீழே போட்டுவிட்டார். "என் கண்ணுல காத்து கீது. என் கண்ணுல காத்து கீது அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார்.

பெரிய டாக்டர் லைனில் வர நெடுநேரம் ஆனது. வீட்டுக்காரர் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எப்ப ப்ளைட்டு?" என்றார்.

"நாளான்னைக்கிங்க."

"அம்மா, பஸ்ல போங்க, ட்ரெயின்ல போங்க. அந்தக் குமிழி முழுசா போற வரைக்கும் ப்ளைட்ட நெனச்சிக்கூடப் பாக்காதீங்க. மேல ஏற ஏற கேஸ் விரியும். கண்ணு மூடின உருண்டை, விரிய எடம் கெடையாது. உள்ள ப்ரெஷர் ஏறி ரத்த ஓட்டம் நின்னுடும். மெட்ராஸ்ல ஏறி மேல போய்ச் சேர்றதுக்குள்ள பார்வை போயிருக்கும். எந்த ஊரு டாக்டராலயும் திருப்பித் தர முடியாது." பிறகு குரல் தணிந்து, "நீங்க பிரான்ஸ் போறீங்கன்னு யாருமே சொல்லலியேம்மா" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார். சின்ன டாக்டர் பெண் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தாளில் விமானம் என்றுதான் முதலில் எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் மலை. "உங்களப் பாத்தா... நான் ப்ளைட்டு தேவையில்லன்னு நெனச்சி..." என்று நிறுத்தினாள். அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு பீரோவில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறவள் இந்த ஊரில்தான் இருப்பாள் என்று வெளியூர்ப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "நானும்தான் மறைச்சேன், வுடும்மா" என்றேன்.

அண்ணி தனியாகக் கிளம்பினார். போவதற்கு முன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். கார் வந்து நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே உன் கண்ணப் புடுங்கியிருப்பேனே செல்வி" என்று ஒரே அழுகை. வடகப் பையை எடுத்துப்போக மாட்டேன் என்று அடம்பிடித்து எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் போன் வரும். "எவ்ளோ பெரிசு கீது இப்ப?" என்பார். நிமிர்ந்து உட்கார ஆரம்பித்ததும் குமிழி எனக்கே தெரிந்தது. வாயு கண்ணுக்குள் மேலேதான் மிதக்கும், ஆனால் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும்; அதனால் கீழ்ப்பாதியில் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடும். அதற்குமேல் தெளிவு, கீழே கலங்கல். கோடு நாளுக்கு நாள் இறங்கி, உருண்டையாகி, சிறுத்தது. எலுமிச்சை என்பேன். நெல்லிக்காய் என்பேன். மிளகு என்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி, "தலையக் குனிஞ்சிப் பாத்தியா? மூலைல ஒளிஞ்சிக்கினு இருக்கப்போவுது" என்பார்.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை அது இல்லை. பிரிஜ் கதவில் ஒட்டியிருந்த கட்டத் தாளின் முன் போய் நின்றேன். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு நின்றேன். அப்புறம் பார்த்தேன். கோடுகள் நேராக இருந்தன. புள்ளிக்கு வலப்பக்கம் இரண்டு மூன்று கட்டம் மட்டும் அழித்துவிட்டாற்போல் இல்லை. வளைவு இல்லை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கு நேராக இருந்தது. மீசையில் பாதிக்குமேல் நரை. "எப்போ இவ்ளோ நரைச்சிது உங்களுக்கு?" என்றேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று அண்ணியிடம் குமிழி இல்லை என்று சொன்னபோது, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப டிக்கெட் போடட்டுமா? வரும்போது அந்த வடகத்த எடுத்துக்கினு வா" என்றார்.

லேபுக்குத் திரும்பி மூன்று மாதம் சரியாக எண்ண வரவில்லை. பிறகு கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். விடுபட்ட கட்டம் அப்போது வந்துவிடும். லதா இன்னும் என் எண்ணிக்கையை ஒரு தடவை ஒத்துப்பார்க்கிறாள். எனக்குக் கோபம் வருவதில்லை.

அடுத்த வருஷம் அண்ணி வீட்டுக்குப் போனோம். டாக்டரிடம் கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளோடு போனோம். ஜன்னல் பக்கம் நான், பக்கத்தில் அவர். ஏறி அரை மணி நேரத்தில் சாப்பிடக் கொடுத்தார்கள். தட்டில் ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட். அண்ணி சொன்னபடியே உப்பிக்கொண்டு, இழுத்துக் கட்டிய மேளத்தோல் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போகவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அதன்மேல் இருந்த எழுத்தைப் படித்தேன். சின்ன எழுத்து வரைக்கும் படித்தேன். பிறகு பாக்கெட்டை அவர் கையில் வைத்தேன்.

அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிரிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்க்காமல், முன் சீட்டைப் பார்க்காமல், திரும்பி என் கண்ணைப் பார்த்தார். பாரிஸ் வந்து இறங்குகிற வரைக்கும் அந்தப் பாக்கெட்டை அவர் பிரிக்கவே இல்லை.